செட்டிநாட்டில் பங்கு உள்ளவர் எஸ்எஃப்-86 நிரப்புவது எப்படி? ஊர்த் தொழில், பங்கு வீடு, பக்கத் தொழில் காட்ட முழு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் கம்பெனியில் இடம் கிடைத்து, செக்யூரிட்டி கிளியரன்ஸுக்காக (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள அனுமதி) எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். அங்கே பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீடு, புதுவயலில் பெரியப்பா நடத்தும் ரைஸ் மில்லில் ‘பேருக்கு’ ஒரு பங்கு, அம்மாவோடு சேர்ந்த பேங்க் கணக்கு. இதில் எதை எழுதுவது, எந்தப் பகுதியில் எழுதுவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

புதிதாக நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ‘எனக்கு இது உண்டா’ என்று யோசிக்கிறார்கள். செட்டிநாட்டுக் குடும்பத்தில் அது உதவாது. தன் பெயரில் என்னென்ன இருக்கிறதென்று அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. ஆகவே கணக்கை ஊரில் எடுத்து முடித்துவிட்டு, படிவத்தைக் கடைசியில் திறக்க வேண்டும்.

1. தொடங்குமுன் தெரிய வேண்டியவை

கிளியரன்ஸுக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் கம்பெனியோ அரசு அலுவலகமோதான் நம்மை அனுப்ப வேண்டும். பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு போதாது. படிவத்தை இ-ஆப் என்ற இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அழைப்பு வந்தபின் கிடைக்கும் நாட்கள் குறைவு. பத்திரம் தேடி ஊருக்குப் போன் போட அந்த நாட்கள் காணாது. எனவே வேலைக்கான கடிதம் வந்த அன்றே ஊர் வேலையைத் தொடங்குங்கள்.

ஊரில் சொத்து இருப்பதாலேயே கிளியரன்ஸ் போய்விடாது. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள 13 அளவுகோல்களை வைத்து முடிவெடுக்கிறார்கள். அதில் ‘பி’ வெளிநாட்டுச் செல்வாக்கு, ‘இ’ தனிப்பட்ட நடத்தை, ‘எஃப்’ பண விவகாரம், ‘எல்’ வெளி வேலைகள். பங்கு சிறியது, வழக்கமானது, அதை வைத்து யாரும் உங்களை நெருக்க முடியாது என்றால் ‘பி’யிலேயே அதற்குச் சலுகை உண்டு. வேண்டுமென்றே மறைத்தால் அது ‘இ’யின் கீழ் வந்து, சொத்தை விடப் பெரிய பிரச்சினையாகிவிடும். தெரிந்தே பொய் எழுதுவது கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

இன்னொன்று. இந்தப் படிவத்துக்குப் பதில் புதிய கேள்வித்தாள் ஒன்று 2023இல் ஒப்புதலாகியிருக்கிறது. அது வரும்போது கீழே சொல்லும் பகுதி எண்கள் மாறலாம். எடுத்து வைக்க வேண்டிய கணக்கு மாறாது.

2. ஊரில் ஒரு ஐந்தொகை போடுங்கள்

ஐயாக்கள் வட்டிக்கடையில் ஆண்டு முடிவில் ஐந்தொகை (சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த இருப்புக் கணக்கு) போட்டதைப் போல, உங்கள் பெயரில் உள்ளதையெல்லாம் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். வருமானம் வருகிறதா என்று இப்போது பார்க்காதீர்கள். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படிவம் கேட்பது உரிமையையும் கட்டுப்பாட்டையும். லாபம் வருகிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

வீட்டில் கேட்கும் முறையிலேயே பாதி வேலை இருக்கிறது. ‘அப்பச்சி, எனக்கு ஊர்ல ஏதாச்சும் சொத்து இருக்கா?’ என்று அப்பாவிடம் கேட்டால், ‘ஒனக்கு என்னப்பா இருக்கு, எல்லாம் பேருக்குத்தான்’ என்று பதில் வரும். அந்தப் ‘பேருக்குத்தான்’ என்பதைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். இப்படிக் கேளுங்கள்: ‘அப்பச்சி, என் கையெழுத்து எந்தெந்தப் பத்திரத்துல இருக்கு? என் பேரை எங்கெங்கே சேத்திருக்கீங்க? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ போட்டதையும் சொல்லுங்க.’ பெரியப்பாவிடமும் அம்மானிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரிவதில்லை.

கேட்டு வாங்கியதைக் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் வரும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல்) அறிக்கையும் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்த அறிக்கையும். மறந்துபோன பேங்க் வட்டி, டிவிடெண்டு, மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை பெரும்பாலும் இதில் அகப்படும். பார்ட்னர்ஷிப் லாபப் பங்கு மட்டும் இதில் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். இந்தியாவில் அந்த லாபத்துக்குப் பார்ட்னர் கையில் வரி கிடையாது. ஆகவே பார்ட்னர்ஷிப் பத்திரத்தையே நகல் வாங்கிப் படிக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளம். கல்லூரி முடித்த ஆண்டில் ‘ஒரு கையெழுத்துப் போடு’ என்று சொல்லி டைரக்டர் ஆக்கியிருப்பார்கள். கம்பெனியை மூடிவிட்டாலும், அதில் உங்களுக்குப் பங்கு இருந்திருந்தால், ‘எப்போதாவது இருந்ததா’ என்று கேட்கும் கேள்வியில் அது வரும்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்றும் பட்டாவும். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரோ இறந்துபோன அப்பாவின் பெயரோ இருக்கலாம். ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பல நத்தம் நிலத்தில், தலைமுறை தலைமுறையாக விற்பனையே ஆகாமல் இருப்பவை. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வராது. ‘ஒன்றும் இல்லை’ என்று சான்று வந்தால் உங்களுக்குப் பங்கு இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டு வரி ரசீது, நத்தம் பட்டா, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று நான்கையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு, காகிதமே இல்லாத கணக்குகள். சொந்தக்காரர் கடையில் வட்டிக்குப் போட்டுவைத்த பணம், உங்கள் பெயரில் அம்மா கட்டும் சீட்டு, கைமாற்றாகக் கொடுத்து இன்னும் வராத தொகை. வாய்ச்சொல்லில் நடப்பதால் இவை விடுபடுகின்றன. பணம் உங்களுடையது என்றால் எழுதத்தான் வேண்டும்.

மனைவி அல்லது கணவர், உங்களைச் சார்ந்த பிள்ளைகள் பெயரிலும் இதே தேடல். கல்யாணத்தில் பெண்ணின் பெயரில் போட்ட ஃபிக்சட் டெபாசிட், பேரப்பிள்ளை பெயரில் அப்பத்தா போட்டது, எல்ஐசி பாலிசி எல்லாம் இதில் அடக்கம்.

அப்பாவுக்கு மட்டுமே சொந்தமான சொத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கேள்வி உங்களையும் துணையையும் சார்ந்த பிள்ளைகளையும் பற்றியது. பயத்தில் அப்பாவின் மொத்த மில்லையும் தன்னுடையதாக எழுதுகிறவர்களும் உண்டு. பிறகு விசாரணை அதிகாரியின் நேர்காணலில் அதை அவிழ்க்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையும் வெளிநாடுதான். பினாங்கில் தாத்தா வாங்கிய கட்டடத்தில் பங்கு இறங்கியிருந்தால் தனி வரியாக எழுதுங்கள். பர்மாவில் பூட்டையா காலத்தில் போன நிலம் உங்கள் பெயருக்கு வந்ததே இல்லை என்றால் அதை விட்டுவிடலாம். அந்தக் கதை பெரிது, படிவத்தில் அதற்கு இடமில்லை.

3. பங்கு வீட்டைக் கணக்கில் கொண்டுவருதல்

அதிகம் பேர் தப்பு செய்வது இங்கேதான். ‘ஐம்பது பேருக்குப் பங்கு, விற்கவும் முடியாது, வாடகையும் இல்லை, படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறப்போம், இதைப் போய் சொத்து என்று எழுதுவதா?’ எழுத வேண்டும். வெளிநாட்டில் நிலம், வீடு எப்போதாவது சொந்தமாக இருந்ததா, இனி வாங்கும் எண்ணம் உண்டா என்று படிவத்தின் 20ஏ பகுதி கேட்கிறது. விற்க முடியுமா என்று அது கேட்கவில்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கொள்ளுத் தாத்தா கட்டிய வீடு. அவருக்கு மூன்று பிள்ளைகள். ஆளுக்கு மூன்றில் ஒன்று. உங்கள் தாத்தாவுக்கு வந்த அந்த ஒன்றை, அவர் தம் இரண்டு பிள்ளைகளுக்கும் பத்திரத்தில் சமமாக எழுதி வைத்தார். உங்கள் அப்பாவுக்கு ஆறில் ஒன்று. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, நீங்கள், தங்கை என்று மூவருக்குப் பிரித்துப் பதினெட்டில் ஒன்று என்று போடுவார்கள். அப்பத்தா உயிரோடு இருந்தால் அது தப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. நால்வராகப் பிரித்தால் உங்கள் பங்கு இருபத்துநாலில் ஒன்று. வீட்டின் மதிப்பு 2 கோடியே 40 லட்சம் என்றால் உங்களுக்கு 10 லட்சம். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 11,765 டாலர். மதிப்பைத் தோராயமாகச் சொல்லலாம். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.

இந்த உதாரணத்தில் அப்பாவின் பங்கு அவருடைய தனிச் சொத்து என்று வைத்திருக்கிறோம். பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து என்றால் பின்னம் மாறும். அதை ஊர் வக்கீலிடம் கேட்டு ஒரு கடிதமாக வாங்கிக்கொள்வது நல்லது.

பெண்பிள்ளைகள் இங்கே தனியாகத் தவறுகிறார்கள். ‘சீர் செய்து அனுப்பிவிட்டார்கள், எனக்கு அங்கே ஒன்றுமில்லை’ என்பார்கள். 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமே பூர்வீகச் சொத்தில் பங்கு தந்துவிட்டது. 2005இல் மத்தியச் சட்டமும் தந்தது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காதவரை, வாய்ச்சொல்லால் பங்கு போய்விடாது.

கிளியரன்ஸ் வருகிறதே என்று அவசரமாகத் தம்பி பெயருக்கு விடுதலை எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். முன்பு இருந்ததா என்றும் கேட்கிறார்கள், எப்படிக் கைமாறியது என்றும் கேட்கிறார்கள். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்னால் தேதியிட்ட பத்திரம், நேராக எழுதிய பங்கை விட மோசமாகத் தெரியும்.

4. கையெழுத்துக்கு முன் வரிக் கணக்கைச் சரிபாருங்கள்

இந்தப் படி ஏன் இவ்வளவு முன்னால் வருகிறது? எஸ்எஃப்-86இல் ஊர்க் கணக்கை எழுதியவுடனே, அது அமெரிக்க வரித் தாக்கலில் இருக்கிறதா என்ற கேள்வி எழும். அங்கே இல்லை என்றால் ‘எஃப்’ அளவுகோல் உள்ளே வந்துவிடும்.

வெளிநாட்டுப் பேங்க் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவோடு ‘ஐதர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாரும் இயக்கலாம்) என்று சேர்ந்த கணக்கும் இதில் அடக்கம், அதுவும் முழுத் தொகையோடு. ‘பணம் அம்மாவுடையது’ என்பது உண்மையாக இருக்கலாம். அது விளக்கம்தான், தாக்கல் செய்யாமல் இருக்கக் காரணம் ஆகாது. அமெரிக்காவில் வசிக்கும் தனி நபருக்கு ஆண்டுக் கடைசியில் 50,000 டாலருக்கு மேல் வெளிநாட்டு நிதிச் சொத்து இருந்தால் 8938 படிவமும் உண்டு. நேரடியாகச் சொந்தமான வீட்டை அதில் காட்ட வேண்டியதில்லை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கு 8621, கம்பெனிப் பங்குக்கு 5471, பார்ட்னர்ஷிப்புக்கு 8865 என்று, பங்கின் அளவைப் பொறுத்துப் படிவங்கள் நீளும்.

மில் லாபத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்று மேலே சொன்னோம். அமெரிக்கக் குடிமகனுக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்டியாக வேண்டும். ‘ஊரிலேயே வரி இல்லையே’ என்று விட்டவர்கள் நிறைய. விடுபட்டிருந்தால், இந்தியக் கணக்கு தெரிந்த வரி ஆலோசகரைப் பிடித்து, திருத்தும் வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். தானாகத் திருத்தியவருக்கும் பிடிபட்ட பிறகு திருத்தியவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

5. ஒரே தொழில், நாலு பகுதி

இப்போது படிவத்தைத் திறக்கலாம். ஒரு தொழிலை ஒரு இடத்தில் எழுதினால் போதும் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. புதுவயல் மில்லையே எடுத்துக்கொள்வோம்.

13ஏ பகுதி வேலை வரலாறு; பத்தாண்டு, இடைவெளி இல்லாமல். அமெரிக்கா வருமுன் அந்த மில்லில் எட்டு மாதம் கணக்கு எழுதியிருந்தால், சம்பளம் வாங்காவிட்டாலும் அதை இங்கே எழுதுவது நல்லது. இல்லையென்றால் அந்த எட்டு மாதம் வெற்றிடமாகத் தெரியும்.

20ஏ பகுதி பண ஈடுபாடு. மில்லில் உங்கள் பங்கு இங்கே. எப்போது வந்தது, எப்படி வந்தது, என்ன விலை, இப்போது என்ன மதிப்பு, கூட்டாளிகள் யார் என்று எழுத வேண்டும். இதில் நேரடியாக உங்கள் கையில் இருப்பதற்கு ஒரு கேள்வி, உங்களுக்காக வேறொருவர் பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு கேள்வி. பெரியப்பாவுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’. பலர் முதலாவதற்கு ‘இல்லை’ போட்ட கையோடு இரண்டாவதையும் தாண்டிவிடுகிறார்கள்.

20பி பகுதி வெளிநாட்டுத் தொழில் தொடர்பு, கடந்த ஏழாண்டு. வெளிநாட்டவரோடு சேர்ந்து தொழில் செய்தீர்களா, வெளிநாட்டுத் தொழிலில் இருப்பவருக்கு ஆலோசனையோ ஆதரவோ கொடுத்தீர்களா, வெளிநாட்டவர் யாராவது வேலைக்குக் கூப்பிட்டாரா என்று தனித்தனிக் கேள்விகள். மில்லைக் கூட்டாக நடத்துவதில் உங்களுக்குக் கை இருந்தால் இங்கேயும் வரும்.

19ஆம் பகுதி நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்பு. அப்பா, அம்மா, உடன்பிறந்தார், மாமனார், மாமியார் எல்லாம் 18ஆம் பகுதியில் போய்விடுவார்கள். பெரியப்பா அந்தப் பட்டியலில் இல்லை. அவரோடு பாசமும் பணமும் இரண்டும் இருப்பதால் அவர் 19இல் வர வேண்டும். பெரியப்பா மகன் அடிக்கடி பேசுகிறவர் என்றால் அவரும். பிள்ளை கூட்டிப் போனவர்கள் (தத்துப் போனவர்கள்), பிறந்த வீடு, போன வீடு இரண்டையும் சொல்லி, யார் சட்டப்படிப் பெற்றோர் என்பதைக் குறிப்பில் ஒரு வரியில் தெளிவாக்கிவிடுங்கள்.

நாலு பகுதியிலும் ஒரே பெயர், ஒரே பங்கு, ஒரே ஆண்டு இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் 8 சதவீதம், இன்னோரிடத்தில் ‘சிறு பங்கு’ என்றிருந்தால் விசாரணை அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

6. கால எல்லையைக் கேள்விக்குக் கேள்வி பாருங்கள்

சொத்து, பண ஈடுபாடு, வெளிநாட்டவருக்குக் கொடுத்த பண உதவி: ‘எப்போதாவது’. தொழில் ஆலோசனை, கூட்டுத் தொழில், நெருங்கிய தொடர்பு: ஏழாண்டு. வேலை வரலாறு: பத்தாண்டு. எல்லாவற்றுக்கும் ஏழாண்டு என்று நினைத்துக்கொண்டு, 2009இல் விற்ற கோட்டையூர் மனையை விடுகிறவர்கள் உண்டு.

மாதா மாதம் அப்பத்தாவின் மருந்துக்கு அனுப்பும் பணமும் ‘வெளிநாட்டவருக்குப் பண உதவி’தான். கொடுப்பது கடமை என்பதால் அது உதவி இல்லாமல் போகாது.

7. வாட்சப் ஆலோசனை

அம்மான் ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கிறார். ‘அங்கே யாராவது ஹோட்டல்காரங்க வாங்குவாங்களா, விலையை எப்படிச் சொல்லலாம்?’ என்று கேட்டு, நீங்கள் நாலு பேரிடம் பேசி, இன்வாய்ஸ் மாதிரியும் போட்டு அனுப்பினீர்கள். காசு வாங்கவில்லை. 20பி கேள்வியில் சம்பளம் என்ற நிபந்தனை கிடையாது, எனவே இது வரும். யாருக்கு, என்ன, எப்போது, கைம்மாறு ஒன்றுமில்லை என்று மூன்று வரியில் எழுதிவிடுங்கள்.

‘மழை பெய்யுதா, வியாபாரம் எப்படி’ என்று விசாரிப்பதெல்லாம் ஆலோசனை ஆகாது. தொழிலில் ஒரு முடிவு எடுக்க உங்கள் பேச்சு உதவியதா என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

ஊர்க் கோயில் டிரஸ்ட், கல்வி அறக்கட்டளை ஆகியவற்றில் உறுப்பினராகவோ பொறுப்பிலோ இருந்தால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள். ‘பிற வெளிநாட்டு அமைப்பு’ என்ற சொல்லும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கோயில் வேலை தொழிலா என்று வருத்தப்பட வேண்டாம், எழுதிவிட்டுப் போகலாம்.

8. அமெரிக்காவில் செய்யும் பக்கத் தொழில்

சனி, ஞாயிறு கணக்கு டியூஷன், ஆத்தங்குடி டைல் இறக்குமதிக்காகப் போட்ட எல்எல்சி (பதிவு செய்த சிறு கம்பெனி), கைமுறுக்கும் அதிரசமும் செய்து விற்பது, வாடகைக்கு விட்ட வீடு. சுயதொழில் என்றால் 13ஏயில் தனி வரி, அதைச் சரிபார்க்க உங்களை அறிந்த ஒருவரின் விவரத்தோடு. எல்எல்சி வருமானமே இல்லாமல் தூங்கினாலும் பெயர் பதிவில் இருக்கிறது. ‘எல்’ அளவுகோல் கவனிப்பது, அந்த வேலை உங்கள் அரசு வேலையோடு முட்டுகிறதா, வெளிநாட்டு நலனுக்குப் போகிறதா என்பதை. டியூஷனால் யாருக்கும் கவலையில்லை. இறக்குமதி எல்எல்சிக்குச் சரக்கு அனுப்புவது அம்மான் என்றால் 19, 20பி இரண்டிலும் அவரைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

9. பெயர், விலாசம், தேதி

செட்டிநாட்டில் விலாசம் என்றால் கடையின் இனிஷியல் தொடர். படிவத்தில் அதை விரித்து எழுத வேண்டும். தாத்தா பெயரே பேரன்களுக்கு வைப்பதால், ஒரே வீட்டில் மூன்று ராமநாதன்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் பெரியப்பாவும் பெரியப்பா மகனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பெயரின் ஒரு பகுதி வெறும் இனிஷியல்தான் என்றால் அப்படியே எழுதி, இனிஷியல் மட்டும் என்று குறிக்கப் படிவத்திலேயே வழி இருக்கிறது.

நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பத்திரத்தில் முன்வாசல் தெரு, ஆதாரில் பின்வாசல் தெரு என்று இரண்டு முகவரி வரும். வீட்டு வரி ரசீதில் உள்ளதை எல்லா இடத்திலும் போட்டு, மற்றதைக் குறிப்பில் ஒருமுறை சொன்னால் போதும்.

பழைய பத்திரங்களில் தமிழ் வருஷம், மாதம்தான் இருக்கும். ஆங்கிலத் தேதிக்கு மாற்றியபின் ஐயம் இருந்தால் ‘தோராயம்’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். துல்லியம் போலத் தெரியும் தப்பான தேதியை விட அது மேல்.

10. விளக்கக் குறிப்பு எழுதும் விதம்

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே விளக்கத்துக்கு இடம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் காலியாக விடுகிறார்கள், அல்லது குடும்ப வரலாறு எழுதுகிறார்கள். வேண்டியது ஐந்தாறு வரி. ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டியதன் சாரம் இப்படி இருக்கலாம்:

‘புதுவயலில் குடும்ப ரைஸ் மில். 2011இல் தாத்தா காலமான பின் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் என் பெயர் சேர்க்கப்பட்டது. பங்கு 8 சதவீதம். நான் முதல் போடவில்லை. நிர்வாகம் முழுதும் பெரியப்பா; அவர் இந்தியக் குடிமகன். லாபப் பங்கு ஆண்டுக்குச் சுமார் 90,000 ரூபாய் என் என்ஆர்ஓ (வெளிநாடு வாழ்வோருக்கான இந்திய பேங்க்) கணக்கில் வரவு. அமெரிக்க வரித் தாக்கலில் காட்டப்பட்டுள்ளது. மில் அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கிறது. அந்த ஒப்பந்த வேலைகளை நான் பார்ப்பதில்லை.’

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். வெளிநாட்டு அரசோடு தொழிலுக்குத் தொடர்பு உண்டா என்பது அதிகாரிக்கு முக்கியம். அரசுக் கழகத்துக்கு அரைத்துக் கொடுக்கும் தனியார் மில்கள் நம் பக்கம் இருக்கின்றன. வீட்டில் அதை யாரும் ‘அரசுத் தொடர்பு’ என்று நினைப்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் உங்களுக்கு உள்ள வீடு, ஓய்வுக்கால சேமிப்பு, பேங்க் இருப்பு இவற்றின் மொத்தத்தையும் ஒரு தனித்தாளில் தயாராக வையுங்கள். ஊர்ப் பங்கு 20,000 டாலர், இங்கே உள்ளது 6 லட்சம் டாலர் என்றால் அந்த விகிதமே பாதி பதில்.

11. அனுப்பும்போதும் அதன் பிறகும்

கையெழுத்திட்டு அனுப்பியபின் நீங்களாக உள்ளே போய்த் திருத்த முடியாது. அனுப்புமுன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது முந்தையதோடு ஒப்பிட அதுதான் உதவும்.

அனுப்பியபின் ஏதாவது நினைவுக்கு வந்தால் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியான எஃப்எஸ்ஓவிடம் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். நேர்காணலில் முதல் வேலையாக அதை எடுத்துப் பேசுங்கள். அவர்கள் கேட்குமுன் நாமே சொன்னது சலுகைக்குரியது என்று ‘இ’ அளவுகோலே சொல்கிறது. நேர்காணலுக்குப் போகும்போது ஊர்த் தாளின் நகல் கையில் இருக்கட்டும். தெரியாததற்குத் ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ போதும். ஊகித்துச் சொல்லும் தொகைதான் பின்னால் முரண்படும்.

ஆட்சேபக் காரணங்கள் எழுதிய கடிதம் வந்தால், பாதுகாப்புத் துறை ஒப்பந்த ஊழியர்களுக்குப் பதில் தர 20 நாள்தான். அந்தக் கட்டத்தில் இந்தத் துறை வக்கீல் இல்லாமல் எழுதாதீர்கள்.

12. கிடைத்த பிறகும் கணக்கு ஓடும்

கிளியரன்ஸ் வந்தபின் சொல்ல வேண்டிய கடமை தொடர்கிறது. ஊருக்குக் கல்யாணத்துக்குப் போவதைப் புறப்படுமுன்னே சொல்ல வேண்டும். டாப் சீக்ரெட் என்ற உயர் கிளியரன்ஸ் நிலையில் வெளிநாட்டுத் தொழிலில் நேரடி ஈடுபாடு, வெளிநாட்டுப் பேங்க் கணக்கு, வெளிநாட்டுச் சொத்து எல்லாமே அறிவிக்க வேண்டியவை. அதற்குக் கீழான நிலையிலும் எதைச் சொல்ல வேண்டும் என்று எஃப்எஸ்ஓவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: ‘பெரியப்பா, இனிமே என் பேரை எதுலயும் சேக்குறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க.’ படைப்புக்கு ஊர் போயிருக்கும்போது நீட்டும் காகிதத்தில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.